மூன்று நிமிடம்

குண்டு எறிதல் என்பது பெயர்தான். உண்மையில் போட்டியாளர் அந்தக் குண்டை எறிவதில்லை. கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, கால், இடுப்பு, தோள் ஆகியவற்றின் வலிமையை ஒன்றுதிரட்டி, ஒரே கையால் தள்ளுகிறார். ஆண்களுக்கான குண்டின் எடை 7.26 கிலோகிராம். 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் இருந்தபடியே அதைத் தள்ள வேண்டும். கால் வட்டத்திற்கு வெளியே பட்டுவிட்டால், குண்டு எவ்வளவு தூரம் சென்றாலும் அம்முயற்சி செல்லாது.

இவ்விளையாட்டில் மலேசியாவுக்குப் பெருமை சேர்த்தவர் முகமட் ஸியாட் சோல்கெப்லி. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான எஃப்20 பிரிவில் அவர் போட்டியிடுகிறார். 2012இல் இலண்டன் பாராலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, இரியோ நகரில், ஓட்டப்பந்தய வீரர் முகமட் ரிட்சுவான் புசி மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே நாளில் ஸியாட் குண்டை 16.84 மீட்டர் தூரத்திற்குத் தள்ளி, உலகச் சாதனையுடன் இரண்டாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். 2017இல் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் 17.29 மீட்டரை எட்டித் தமது சாதனையை மேலும் உயர்த்தினார்.

2021 ஆகஸ்டு 31. மலேசியாவின் தேசிய தினம். தோக்கியோ பாராலிம்பிக் அரங்கில் ஸியாட் குண்டை 17.94 மீட்டர் தூரத்திற்குத் தள்ளினார். அன்று அவரை மிஞ்சிய வீரர் எவரும் இல்லை. ஆயினும், தங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நடந்தது என்ன? போட்டியாளர்கள் அனைவரும் திடலுக்குச் செல்லும் முன், குறித்த நேரத்திற்குள் அழைப்பு அறைக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். ஸியாட் மூன்று நிமிடம் தாமதமாக வந்தார். வேறு இரு நாட்டு வீரர்களும் அவ்வாறே தாமதமாக வந்தனர். முடிவைப் பின்னர் ஆராயலாம் என்ற நிபந்தனையின்பேரில் மூவரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். அறிவிப்பு தங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது என்று மலேசியத் தரப்பு விளக்கம் அளித்தது. நடுவர்கள் அதை ஏற்கவில்லை, மேல்முறையீடும் தள்ளுபடியானது. போட்டியில் பங்கேற்காதவர் என்றே ஸியாட்டின் பெயர் பதிவானது. தங்கம் உக்ரேன் வீரருக்குச் சென்றது.

மலேசியர் பலர் கொதித்தெழுந்தனர். சிலர் சமூக ஊடகங்களில் உக்ரேன் வீரரை வசைபாடவும் செய்தனர். ஆனால், தாமதத்திற்கு அவர் எவ்வகையிலும் காரணமல்லர். நம் ஏமாற்றம் நியாயமானதாக இருக்கலாம்; அதைத் தவறு செய்யாத ஒருவர்மீது கொட்டுவது நியாயமாகாது.

அந்த இழப்போடு ஸியாட் விளையாட்டை விட்டு விலகவில்லை. பயிற்சியைத் தொடர்ந்தார். 2024இல் பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் மீண்டும் வட்டத்திற்குள் கால் பதித்து, வெள்ளிப் பதக்கத்துடன் நாடு திரும்பினார்.

வட்டத்தின் விளிம்பைப் போலவே நேரமும் ஓர் எல்லைதான். அதைத் தாண்டினால், பல ஆண்டு உழைப்பும் கணக்கில் வராமல் போகலாம். எனினும், ஒரு நாள் தவறிய வெற்றி ஒருவரின் ஆற்றலை அழித்துவிடாது. தோக்கியோவுக்குப் பிறகும் குண்டைக் கையில் எடுத்த ஸியாட்டின் வாழ்க்கை இவ்விரண்டையும் நமக்கு உணர்த்துகிறது.