மங்கலதேவி மலைக்கு மளிகைக்காரர்கள்

காவடியோடு பழனிக்கு நடந்து போவது நம் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. அதனால் "மலைக்குப் போகிறோம், மூன்று நாள் கடைக்கு வரமாட்டோம்" என்று சொன்னதும் கடைவீதியில் எல்லோரும் பழனி என்றே எண்ணிக்கொண்டார்கள். "தைப்பூசம் முடிந்து எத்தனை நாளாயிற்று, சித்திரையில் என்ன பழனி?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. நாங்கள் போனது தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, தமிழக, கேரள எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் இடிந்து கிடக்கிற மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று பகலில் மட்டும்தான் அங்கே மக்களை விடுகிறார்கள். 2025-ல் அந்த நாள் மே 12, திங்கட்கிழமை. வணிகர் தினம் முடிந்த மறு வாரம். வாரத்தின் முதல் நாளில் கடையை விட்டுவிட்டு ஒன்பது பேர் கிளம்பினோம் என்றால், கிளம்பியவர்களின் வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்போம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணம் வந்ததே வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத்தான். எங்கள் கூட்டாளி ஒருவரின் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அவர் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போய், இன்கா அரசர்கள் மலை உச்சியில் கட்டிய மாச்சு பிச்சு என்ற பாழடைந்த ஊருக்கு நான்கு நாள் நடந்து போய்வந்தார். 43 கிலோ மீட்டர் கல் பாவிய பழைய பாதை. நடுவில் 4,200 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் அந்தப் பாதையில் காலடி வைக்க முடியாது. சுமைகாரர்கள், வழிகாட்டிகள் எல்லாரையும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரி மாதம் முழுவதும் பாதையைப் பூட்டிவிட்டுப் பழுது பார்க்கிறார்கள். சுமைகாரரின் மூட்டையைச் சாவடியில் தராசில் வைத்து நிறுத்து, 20 கிலோவுக்கு மேல் போனால் இறக்கி வைக்கச் சொல்கிறார்களாம். நம் ஊரில் சுமை தூக்குகிற தொழிலாளி முதுகில் எத்தனை கிலோ ஏற்றுகிறோம் என்று அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த இன்கா மக்களுக்கு எழுத்து கிடையாது. கயிற்றில் முடிச்சுப் போட்டுத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதை நெடுக மக்காச்சோளமும் உலர்த்திய உருளைக்கிழங்கும் சேமித்து வைக்கக் கல் கிடங்குகள் கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களில் மூத்தவர், "ஏண்டா தம்பி, இடிஞ்ச கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குக் கட்டின கோயிலே இடிஞ்சு கிடக்கே, அதைப் பார்த்திருக்கியா?" என்றார். பையன் மட்டும் அல்ல, நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

அவர் சொன்னது சரியான பேச்சு. சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடச் செய்யுளாகப் படித்துவிட்டு மறந்துபோனோம். நம் தொழில் கண்ணோடு பார்த்தால் அது ஒரு வணிகர் குடும்பத்துக் கதை. பூம்புகாரில் கோவலனின் தகப்பனார் மாசாத்துவானும் கண்ணகியின் தகப்பனார் மாநாய்கனும் பெருவணிகர்கள். பரம்பரைச் சொத்தைத் தொலைத்த கோவலன், மனைவியின் காற்சிலம்பை விற்று அதையே முதலாக வைத்து மறுபடி வியாபாரம் தொடங்கத்தான் மதுரைக்குப் போகிறான். நகையை முதலாகப் போட்டுக் கடை தொடங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! செட்டிநாட்டு நகரத்தாரும் பூம்புகாரிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. மலையில் வேங்கை மரத்தின் கீழே நின்ற பெண் விண்ணுலகம் போனாள் என்று குறவர்கள் வந்து சொன்னபோது, நடந்தது இன்னது என்று இளங்கோவடிகளுக்கு எடுத்துச் சொன்னவர் சாத்தனார். மணிமேகலையை எழுதிய அவருக்கு மதுரைக் கூலவாணிகன் என்றே பெயர். கூலம் என்றால் தானியம். அதாவது நெல்லும் பயறும் விற்ற ஒரு கடைக்காரர் சொல்லித்தான் கண்ணகி கதை நமக்குக் கிடைத்தது. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுத்தான் என்றும், இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் வந்திருந்தான் என்றும் சிலம்பு சொல்கிறது. இலங்கையில் கண்ணகி இன்றும் பத்தினி தெய்வம். கண்டி பெரஹராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் வருகிறது. இந்த மலைக் கோயில்தான் அந்தக் கோட்டம் என்று 1963-ல் கண்டு சொன்னவர் தஞ்சைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து கண்ணகி போன வழியைத் தாமே நடந்து தேடியவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் கிளம்பினோம். திருப்பத்தூர், மேலூர், மதுரை, உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று மேற்கே போகிற பாதை. மதுரையை எரித்தபின் கண்ணகி வையைக் கரை வழியே மேற்கே நடந்தாள் என்பார்கள். நாங்கள் அதே திசையில் குளிர்சாதன வேனில் போனோம். இரவு கூடலூரில் தங்கல்.

குமுளியிலிருந்து கோயில்வரை ஜீப்பும் உண்டு. நடக்க விரும்புகிறவர்களுக்கு லோயர் கேம்ப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோ மீட்டர் ஒற்றையடிப் பாதை. பெரியாற்றுத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே விடியுமுன் பளியன்குடி போய்ச் சேர்ந்தோம். உள்ளூர்த் தம்பி ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டோம். அவ்வளவு கூட்டத்தில் வழிகாட்டி எதற்கு என்று எங்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். 2018 மார்ச்சில் இதே மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்ததை மூத்தவர் நினைவூட்டியதும் பேச்சு நின்றது. அந்தத் தம்பி சம்பளத்துக்கு வந்தவர் என்றாலும் அன்றைக்கு எங்கள் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இது தெரியாமல் எங்களில் ஒருவர் கடைச் சரக்கிலிருந்து இரண்டு டஜன் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து, அத்தனையையும் சாவடியிலேயே விநியோகம் செய்துவிட்டார். நாங்கள் துணிப்பையில் வெல்லமும் பொரிகடலையும் வைத்திருந்தோம்.

முதல் ஒன்றரை மணி நேரம் செங்குத்தான ஏற்றம். மரநிழல் சில இடத்தில்தான். தம்பி, "அய்யா, பேச்சைக் குறைச்சுக்கங்க, மூச்சு மிச்சமாகும்" என்றார். வியாபாரிகளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது! ஆனால் பாதி வழியில் எல்லோரும் தாமாகவே ஊமையாகிவிட்டோம்.

அங்கேதான் எங்களில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அறுபத்து நான்கு வயது, மளிகைக்கடை வைத்திருப்பவர். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சாமி பார்க்கும்வரை சாப்பிடுவதில்லை என்று விரதம். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் போட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் நிழலில் உட்கார வைத்தபின்தான் பேச்சு வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் மலை ஏறக்கூடாது. மருத்துவரைக் கேட்காமல் விரதமும் எடுக்கக்கூடாது. நம் உறுப்பினர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை இருப்பதால் இதை அழுத்தி எழுதுகிறோம்.

அவரை எங்களில் ஒருவரும் வழிகாட்டித் தம்பியும் கீழே அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. இறங்குமுன் மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். மஞ்சள், குங்குமம், ஒரு ஜோடி கண்ணாடி வளையல். "வீட்டில ஆச்சி கொடுத்தனுப்பினது. போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வேண்டிக்கிட்டாளாம். நீங்க சேர்த்துருங்கண்ணே" என்றார். அதற்குமேல் ஏறியபோது எங்களில் யாருக்கும் கால் வலி பெரிதாகத் தெரியவில்லை.

காடு விலகி, புல்வெளி மேடு வந்து, மேலே ஏறினால் கோட்டம். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல். ஒரு பக்கம் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும், மறுபக்கம் முடிவில்லாத காடு. கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், எங்கள் கண்ணுக்குக் காரை தென்படவில்லை. பல இடத்தில் கல் சரிந்து, மேற்கூரை போய், செடி முளைத்துக் கிடக்கிறது. இருட்டிய சின்னக் கருவறைக்கு முன்னே ஆயிரக்கணக்கான பெண்கள் மஞ்சள் கயிற்றுக்காக வரிசையில் நின்றார்கள். மலையாளத்துப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே வரிசைதான். நண்பர் கொடுத்த முடிச்சைச் சேர்த்துவிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, பொழுது சாயுமுன் இறங்கினோம். மாலைக்குப்பின் மலையில் யாரையும் இருக்கவிடுவதில்லை.

கோயில் எந்த மாநிலத்து எல்லையில் இருக்கிறது என்ற தகராறு பல ஆண்டாக இழுக்கிறது. திருவிழாவுக்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். அந்த ஒரு நாள் ஒழுங்காக நடக்கிறது. மீதி 364 நாள் கல் தன்பாட்டுக்குச் சரிகிறது. இரண்டு பங்காளிகள் வழக்காடுகிற கிடங்கில் சரக்கு மக்குவதைப் போல என்றார் எங்களில் ஒருவர்.

பளியன்குடியிலிருந்து தார்ச்சாலை போட வேண்டும் என்ற பேச்சும் வரிசையில் கேட்டது. சாலை வந்தால் கடை வரும், நமக்கும் வியாபாரம்தான். இருந்தாலும் எங்களுக்கு அதில் சம்மதமில்லை. பெருவில் செய்வதுபோல நடைபாதையைச் செப்பனிட்டு, ஆள் கணக்கு வைத்து, வழிகாட்டியோடு இன்னும் சில நாட்களுக்குத் திறந்துவிடட்டும். தமிழ்நாடு வனத்துறையே 2024-ல் 40 மலைப்பாதைகளில் வழிகாட்டியோடு நடக்கும் திட்டம் தொடங்கியிருக்கிறது. முதலில் இரு அரசும் சேர்ந்து சரிந்த கல்லை எடுத்து நிறுத்தட்டும்.

மூன்றாம் நாள் போடிநாயக்கனூர் வழியாகத் திரும்பினோம். வியாபாரிகள் ஒன்பது பேர் போடிக்குப் போய் ஏலக்காய் பார்க்காமல் வர முடியுமா? முன்பெல்லாம் தட்டில் காயை அள்ளி முகர்ந்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியதாக மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கணினியில் நடக்கிறது. காய் கையில், விலை திரையில். 8 மில்லி காய் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டோம்.

காரைக்குடி வந்து சேர இரவு ஒன்பது மணி. பாதியில் இறங்கிய நண்பரின் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது ஆச்சி வெளியே வந்து, "வளையலைச் சேர்த்தாச்சா?" என்று அவரைக் கேட்டார். அவர் எங்களைப் பார்த்தார். "சேர்த்தாச்சு ஆச்சி" என்றோம். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். முதல் பெயர் அவருடையது. காலையில் சாப்பிட்டுவிட்டு ஏறுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.