வரப்புக்கேற்ற வண்டி

டோக்கியோ நகரத்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு கார் தேறாது. ஆனால் ஜப்பான் கடலோரத்திலுள்ள புகுயி மாகாணத்திலோ சராசரியாகக் குடும்பத்துக்கு ஒன்றரைக்கு மேல் கார்கள் உண்டு. ரயிலடி தூரமாகவும் பஸ் அபூர்வமாகவும் உள்ள கிராமங்களில், தொழிற்சாலைக்குப் போகும் மகனுக்கு ஒன்று, கடைக்கும் வேலைக்கும் போய்வரும் மருமகளுக்கு ஒன்று, வயலுக்குப் போகும் பாட்டனாருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வண்டி வைத்துக்கொள்ளாமல் ஜீவனம் நடத்துவது கஷ்டம்.

இவற்றுள் பாட்டனாரின் வண்டியே என் அபிமானத்துக்குரியது. ‘கேய் டோரா’, அதாவது இலேசான டிரக் என்று அவர்கள் வழங்கும் அந்தச் சிறு லாரியின் உருவத்தை வகுத்தது சட்டமே: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 கன சென்டிமீட்டர், சுமை 350 கிலோ என்ற எல்லைகளை அது தாண்டலாகாது. யுத்தத்தில் நொடிந்துபோன தேசத்தில், எளியவர்களும் மோட்டார் வண்டி வாங்கவேண்டும் என்று 1949-இல் பிறந்த இந்த வகைக்கு, எஞ்சின் வரம்பு 1955-இல் 360 ஆகவும், 1976-இல் 550 ஆகவும், 1990-இல் 660 ஆகவும் உயர்ந்தது. வரம்புக்குள் அடங்கும் சொந்த வண்டிக்கு மஞ்சள் நிற எண் பலகை. ஆண்டு வரியும் சொற்பம். சாதாரணக் கார்களில் மிகச் சிறியதற்கே 25,000 யென் வரி விதிக்கும் அரசாங்கம், விவசாயியின் கேய் டோராவுக்கு 5,000 யென்னோடு நிறுத்திக்கொள்கிறது. நகரத்தில் கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடமுண்டென்று போலீஸாரிடம் அத்தாட்சி பெறவேண்டும்; சிற்றூர்களில் கேய் வண்டிக்கு அந்தச் சிரமமும் இல்லை.

அருகில் சென்று பார்த்தால் இதன் அருமை விளங்கும். சுமைத் தட்டின் மூன்று பக்கப் பலகைகளும் கீழே மடங்குவதால், வயதானவர்கூட 30 கிலோ அரிசி மூட்டையை அதிக உயரம் தூக்காமல் ஏற்றிவிடலாம். அவ்விதம் பதினொரு மூட்டைகள் கொள்ளும். ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியைச் சுமை இடித்துவிடாமல் காக்கும் இரும்புச் சட்டத்துக்கு, ஷிண்டோ கோயில் வாயிலின் பெயரான ‘தோரீ’ என்பதையே சூட்டியிருக்கிறார்கள். விவசாயத்துக்கென்றே செய்த வண்டிகளில், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது நின்றுவிடாமல், பின்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்து ஒருசேரச் சுழற்றும் ஏற்பாடும் உண்டு. வரப்பு வழியே போய்த் திரும்பிவர இதைவிடப் பொருத்தமான வாகனம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவாத்தே மாகாணத்து ஷிசுகுயிஷி என்னும் ஊரில், 2005-ஆம் ஆண்டு முதல், கடைவீதி நெடுக இவ்வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பக்கப் பலகைகளை இறக்கி, காய்கனிகளைத் தட்டின்மேலேயே பரப்பிச் சந்தை கூட்டி வருகிறார்கள்.