உங்களுக்குத் தெரியுமா? பாதிப் பந்தின் மேல் ஒரு நிமிடம்

ஜிம்மில் நீலநிறப் பாதிப் பந்து ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்; ஒரு பக்கம் காற்றடைத்த ரப்பர் மேடு, மறுபக்கம் தட்டையான பலகை. பெயர் போசு. அமெரிக்கரான டேவிட் வெக் 1999-இல் உருவாக்கியது. அகலம் சுமார் 65 செ.மீ.

மேட்டின் மேல் ஏறி நின்றதுமே கணுக்கால் கிடுகிடுவென ஆடும். விரல்கள் தாமாகவே ரப்பரைப் பற்றப் பார்க்கும். பயப்பட வேண்டாம், அந்த நடுக்கம்தான் பயிற்சி! உடல் சாயாமல் நிற்க மூளை மூன்று இடங்களிலிருந்து தகவல் வாங்குகிறது: கண், உட்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். கண்ணை மூடினால் மற்ற இரண்டின் மீதும் முழுப் பாரமும் விழும். தரையிலேயே ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.)

கணுக்கால் சுளுக்கிலிருந்து மீள்பவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சமநிலைப் பயிற்சி தருவது தசை, மூட்டு உணர்விகளைப் பழக்கத்தான். முதியவர்கள் தடுக்கி விழும் அபாயத்தையும் அது குறைக்கிறது.

ஆனால் போசுவின் மேல் நின்று கனமான எடை தூக்குவது வீண். ஆடும் தளத்தில் தசை தன் முழு விசையையும் காட்ட முடியாது. எடைக்குத் தரைதான் சரி. பந்தைக் கவிழ்த்துப் பலகை மேல் ஏறும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம், சறுக்கினால் அடி பலமாக விழும். கவிழ்த்த பலகையை இரு கைகளாலும் பிடித்துத் தண்டால் எடுக்கலாம், அது அருமையான பயிற்சி.