சர்க்கரை நோய்க்குத் தேனீப் பிசின்: பெட்டியைச் சுரண்டும் முன் கவனிக்க வேண்டியவை

பாலசமுத்திரம் பகுதியில் தென்னை, மா தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருப்பவரா நீங்கள்? "தேனீப் பிசின் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமாமே" என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பார்கள். இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது.

மரத்தின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் எடுத்துவந்து, மெழுகோடு கலந்து கூட்டின் இடுக்குகளை அடைக்கின்றன. இதுதான் புரோபோலிஸ். ஏறக்குறைய பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு. பிசினில் உள்ள ஃபிளேவனாய்டு போன்ற பொருட்களுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை உண்டு. சர்க்கரை நோயில் ரத்தக் குழாய், சிறுநீரகம் எல்லாம் கெடுவதில் உள்ளுக்குள் நீடிக்கும் அழற்சிக்கும் பங்கு இருப்பதால்தான் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கிறார்கள்.

ஈரானில் சர்க்கரை நோயாளிகள் 94 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் 1,000 மில்லிகிராம் வீதம் 90 நாள் பிசின் எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவும் (எச்பிஏ1சி), அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது அளந்து கொடுத்த, அந்த நாட்டுப் பிசின். மரம் மாறினால் பிசினின் குணமும் மாறும்.

இன்னொன்று, நம் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அடுக்குத் தேனீ. அது பிசின் சேர்ப்பதே அபூர்வம். சுரண்டினால் மெழுகுதான் வரும். இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேர்க்கும். அதற்காகச் சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக் கூட்டை உடைத்துவிடாதீர்கள், கூட்டமே அழிந்துபோகும். பெயின்ட் அடித்த பெட்டியில் சுரண்டியதில் ஈயம் கலந்திருக்கலாம். கஷாயமாகக் காய்ச்சுவதும் வீண். பிசின் தண்ணீரில் சரியாகக் கரையாது.

பிசின் வேறு, தேன் வேறு. தேன் சர்க்கரையை ஏற்றும்.

முக்கியமாக, மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு பிசினும் சேர்ந்தால் சர்க்கரை அதிகம் இறங்கவும் வாய்ப்புண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், தேனீ கொட்டி ஒவ்வாமை வந்தவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கடையில் வாங்கிச் சாப்பிட நினைத்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்றால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

வயலில் வெறுங்காலோடு நடக்கும் நமக்குக் காலில் முள் குத்தினாலும், சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் வலி தெரியாது. அந்தப் புண்ணில் பெட்டிப் பிசினை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.