கொழுப்புத் திசுவும் இருதய நோயும்

புதுதில்லிச் சாணக்யபுரியிலுள்ள நேரு பூங்காவில் காலையில் உலாவ வருவோருள் பருத்தவரும் உண்டு, மெலிந்தவரும் உண்டு. பருத்தவருக்கே இருதய நோய் வரும், மெலிந்தவருக்கு அச்சமில்லை என்பது பொதுவான எண்ணம். இது முற்றும் சரியன்று. கொழுப்பின் அளவைப்போலவே அது தங்குமிடமும் முக்கியமானதாகும்.

கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அன்று. செலவுக்கு மிஞ்சிய உணவுச் சக்தி, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக அதன் உயிரணுக்களில் சேமிக்கப்படுகிறது. பட்டினியின்போதும் உழைப்பின்போதும் அது சிதைந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலக்கிறது. அட்ரினலின் இச்சிதைவைத் தூண்டுகிறது. உணவுக்குப்பின் சுரக்கும் இன்சுலின் அதனை அடக்குகிறது. இத்திசு ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய லெப்டின், 1994-ல் கண்டறியப்பட்டது; கையிருப்பு எவ்வளவு என்பதை அது மூளைக்கு அறிவிக்கிறது.

தோலுக்கடியிலுள்ள திசு கொள்ளத்தக்க அளவைக் கடந்ததும், எஞ்சிய கொழுப்பு குடல்களைச் சுற்றியும் ஈரலிலும் படிகிறது. அங்கு இன்சுலினின் கட்டுப்பாடு தளர்கிறது. இடைவிடாது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் ஈரலை அடைந்து, இரத்தத்தில் டிரைகிளிசரைடைப் பெருக்குகின்றன. நன்மை பயக்கும் கொலஸ்டிரால் வகை குறைகிறது. நாளடைவில் இருதயத் தமனிகளின் சுவர்களில் கொழுப்புப் படிந்து, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது.

இந்தியருக்கு இதில் தனிக் கவனம் தேவை. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்பருமன் எண் கிடைக்கும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் ஆகிய இருவருக்கும் இவ்வெண் ஒன்றே, அதாவது 22.3. ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம். இவ்வொப்பீட்டை அவ்விருவருமே 2004-ல் வெளியிட்டனர்.

தில்லியில் 1969-ல் தொடங்கிய ஆய்வொன்றும் கருதத்தக்கது. பிறப்பு முதல் கவனிக்கப்பட்டுவந்தோருள் 1,492 பேர், 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 4.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, 10.8 சதவீதத்தினர் அதற்கு முந்திய நிலையில் இருந்தனர். இவ்விரு பிரிவினரும் இரண்டு வயதுவரை பெரும்பாலும் மெலிந்தே இருந்து, பின்னர் விரைந்து பருமன் கூடியவர்கள். எனினும் 12 வயதில் அவர்களுள் ஒருவரும் பருத்த குழந்தையாக இருந்ததில்லை! இருதய நோய்க்கு நீரிழிவு வழிகோலும் என்பதை நினைவிற் கொள்க.

எனவே, எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்புதல் போதாது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மிஞ்சலாகாது என்பது இந்தியருக்கென வகுக்கப்பட்ட வரம்பு. நாள்தோறும் விரைந்து நடப்பதால், எடை அதிகம் குறையாவிடினும், வயிற்றுக் கொழுப்புக் குறைகிறது. ஆதலின், பூங்காவில் மெலிந்தவர் நடப்பதும் வீணன்று.