தடயவியலா? உயிர்வேதியியலா?

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குப்பா?" என்று நண்பர்கள் கேட்கலாம். விஷயம் இதுதான். என் தங்கை ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். வீட்டில் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒன்று பி.எஸ்சி. தடயவியல், இன்னொன்று பி.எஸ்சி. உயிர்வேதியியல். அப்பாவுக்கு இருப்பது ஒரே தறி. தப்பாகச் சேர்த்துவிட்டு அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளும் வசதி எங்களுக்குக் கிடையாது. அதனால் விசாரித்தேன். நமக்கெல்லாம் தம்பி தங்கைகள் உண்டே என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பட்டு இழையை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு வேறு எதை எடுப்பது? கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாகிவிடும். தலைமுடியும் பட்டும் புரதம், அதனால்தான் அந்த வாடை. பட்டின் உள்ளே இருப்பது ஃபைப்ரோயின். கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி அது. அதன்மேல் செரிசின் என்ற பசை, எடையில் ஏறக்குறைய கால் பங்கு. சாயம் போடுமுன் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அலசுகிறார்களே, அது இந்தப் பசை போகத்தான். பசை மட்டும் கரைகிறது, உள்ளே இருப்பது ஏன் கரையவில்லை? இப்படிக் கேட்பது உயிர்வேதியியல். இந்த இழை செத்தவர் நகத்துக்குள் எப்படி வந்தது, யார் சேலையில் இருந்து வந்தது? இப்படிக் கேட்பது தடயவியல்.

தடயவியலின் பெருமைக்கு நாம் வெளியூர் போக வேண்டாம். சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். சிதறிக் கிடந்த துணி, கம்பி, சிறு இரும்புக் குண்டுகள் ஆகியவற்றை வைத்து, ஒரு பெண் உடலில் கட்டிவந்த பெல்ட் வெடிகுண்டு அது என்று கண்டுசொன்னார். 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. என் தங்கை தடயவியல் என்று பிடிவாதம் பிடிப்பதற்கும் இந்தக் கதைதான் காரணம்.

ஆனால் டி.என்.ஏ. ரேகையின் கதையைப் பாருங்கள். 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது உயிர்வேதியியல்! பக்கத்துக் கிராமங்களில் இரண்டு சிறுமிகள் கொலையான வழக்கில், போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் நிரபராதி என்று அந்தச் சோதனைதான் முதலில் காட்டியது. உண்மைக் குற்றவாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான். அந்தப் பையன் இடத்தில் நம் தம்பியை வைத்துப் பார்த்தால் சோதனைச்சாலையில் இருப்பவர் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்க வேண்டும் என்று புரியும்.

பி.எஸ்சி. தடயவியலில் கைரேகை, கையெழுத்து, துப்பாக்கி, விஷம், சட்டம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். படிக்க சுவாரசியம்தான். ஆனால் அதை வைத்துப் போகக்கூடிய இடம் பெரும்பாலும் அரசு ஆய்வகம். உயிர்வேதியியலில் முதல் வருஷம் நொதி, வளர்சிதைமாற்றம் என்று மண்டை காயும். முடித்தால் ஆஸ்பத்திரி லேப், மருந்து கம்பெனி, மேல்படிப்பு என்று பல கதவுகள் இருக்கின்றன. எம்.எஸ்சி. தடயவியலுக்கும் பல பல்கலைக்கழகங்கள் இவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை 5 வருஷத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆக, ஆள் தேவைப்படும். குஜராத் காந்திநகரில் இதற்கென்றே தேசியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்து, செலவுக்கும் வழி இருந்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஆய்வகமே சரியாக இல்லாத கல்லூரியில், பெயருக்காகத் தடயவியல் சேர்வது வேண்டாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் சொன்னபோது, "அண்ணா, நீங்க சொல்றபடி பார்த்தா எனக்கு அஞ்சு வருஷம் ஆகுமே?" என்றாள். ஆகும்தான். "நெய்றவனுக்குப் பொறுமை தெரியும், படிக்கட்டும்" என்றார் அப்பா, தறியை விட்டு எழுந்திருக்காமலே. உயிர்வேதியியல் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டாள். தடயவியல் விண்ணப்பத்தையும் கிழிக்கவில்லை, டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.