கறை எங்கே இருக்கிறது?

‘பல்லுக்குப் பல்’ தொடர் – 11

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். சுற்றுவட்டாரத்தில் பழையகாயல், ஆத்தூர், முக்காணி, கொற்கை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன வெனிஸ்காரர் மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதோடு இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். இங்குள்ளவர்கள் ஓயாமல் ஓர் இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள்; வசதி படைத்தவர்கள் அதில் கற்பூரமும் வாசனைப் பொருட்களும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் தந்த செய்தி.

எழுநூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த இலைக்கு மவுசு குறையவில்லை. தாமிரபரணித் தண்ணீர் பாயும் கொடிக்கால்களில் விளைகிற ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இலைக்குப் பெருமை வந்தாயிற்று. அதைப் போட்டுப் பழகிய பற்களின் பாடு என்ன?

தூத்துக்குடி, திருச்செந்தூர், பாளையங்கோட்டை பக்கத்துப் பல் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கிற குரல் ஒன்று உண்டு. “கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு டாக்டர். பல்லு பளிச்சுன்னு வெள்ளையாகணும்.” கூட வந்த அம்மா, “எனக்கும் சேத்துப் பாருங்கய்யா, போட்டோ எடுப்பாவள்லா” என்பார். டாக்டர் உடனே மருந்தை எடுத்துவிட மாட்டார். “வெத்தல போடுவியளா? டீ எத்தன தடவ? சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சிய?” என்று விசாரணை தொடங்கும். பல்லை வெளுக்கிற வைத்தியத்தில் பாதி இந்தக் கேள்விகளிலேயே இருக்கிறது. கறை பல்லின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பது தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று முடிவாகும்.

மேலே படிந்த கறைக்கு வெற்றிலைக் கறை நல்ல உதாரணம். வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மூன்றும் வாய்க்குள் சேர்ந்ததும் சிவப்பு எப்படி வருகிறது? பாக்கில் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்கள் நிறைய இருக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தில் அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவந்துவிடுகின்றன. நாள்பட்ட பழக்கத்தில் அந்தச் சிவப்பு பழுப்பாகி, கறுப்பாகிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே காரை கட்டிய பல் என்றால் இன்னும் வசதி. சொரசொரப்பான காரை, சாயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். டீ, காபி, புகையிலை, சிகரெட் கறைகளும் இதே ஜாதிதான். மாதக்கணக்கில் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் கொப்பளிப்பவர்களுக்கும் பல்லில் பழுப்புப் படியும்.

இந்தக் கறைக்கு ப்ளீச்சிங் வேண்டாம். ‘க்ளீனிங்’ என்று எல்லோரும் சொல்கிற ஸ்கேலிங்கும் பாலிஷிங்கும் போதும். ஸ்கேலரின் முனை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர, தண்ணீர் பீய்ச்சியடிக்க, கறுத்த காரை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். துப்புகிற தொட்டியில் முதலில் செங்காவித் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். பாலிஷ் செய்து முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும், வெள்ளையாக்க வந்த பலர் “இது போதும்” என்று எழுந்துவிடுகிறார்கள். க்ளீனிங் செய்தால் பல் ஆடும், தேயும் என்ற பயம் ஊர்ப்பக்கம் இன்னமும் இருக்கிறது. பல்லைத் தாங்கியிருக்கும் எலும்பைக் கரைப்பது காரைதான். அதை எடுத்ததும், முன்பே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவது வெளியே தெரிகிறது, அவ்வளவே.

க்ளீனிங்குக்குப் பிறகும் பல் மஞ்சளாகவே இருந்தால்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இயற்கையான பல் தும்பைப்பூ வெள்ளை கிடையாது. மேலே இருக்கும் எனாமல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இளமஞ்சள். கொற்கை முத்துபோல, வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் சாயல் இருப்பதுதான் ஆரோக்கியமான பல்லின் நிறம். வயதாக ஆக எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, மஞ்சள் கூடுகிறது. இந்த உள் நிறத்தை வெளுக்கத்தான் ப்ளீச்சிங்.

அதன் மூலப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்த திரவம் இது. பல்லின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறியவையாக்குகிறது. உடைந்தவை ஒளியை வேறு விதமாகக் கையாளுவதால் பல் வெளுப்பாகத் தெரிகிறது. பல்லைச் சுரண்டுவதோ, மேலே பெயின்ட் அடிப்பதோ இதில் இல்லை.

இன்றைக்குப் பரவலாக இருக்கும் வீட்டு முறை தற்செயலாகக் கிடைத்தது. 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு நிபுணர் பில் க்ளுஸ்மியர், ஈறு ஆறுவதற்காக ஒரு கிருமிநாசினியைப் பல் அச்சில் ஊற்றி இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறும் ஆறியது; பல்லும் வெளுத்திருந்தது. அதில் இருந்தது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இந்த முறையை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

மருத்துவர் முன்வைக்கும் வழிகள் இரண்டு.

ஒன்று, நாற்காலியிலேயே முடிகிற வைத்தியம். முதலில் நிற அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். 16 சாயல்களில் போலிப் பற்கள் வரிசையாகக் கோத்திருக்கும் சீப்பு மாதிரியான சாதனம் அது. பல் ஈரமாக இருக்கும்போது, முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில், பொருந்தும் சாயலைக் குறித்துக்கொள்வார்கள், போட்டோவும் எடுப்பார்கள். பிறகு உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம். ஈறின் விளிம்பு நெடுக ஒரு நிற ரெசின் பூசி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். மருந்து ஈறில் பட்டால் வெந்துவிடும் என்பதால் இந்த அணை. அதற்குப் பிறகே 35 முதல் 40 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள ஜெல் பல்லில் ஏறும். கால் மணி, இருபது நிமிடம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. நீல விளக்கு, லேசர் என்று விளம்பரம் செய்தாலும், வெளுக்கும் வேலை ஜெல்லுடையது. விளக்கினால் பெரிய கூடுதல் பலன் இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு.

இரண்டாவது, ட்ரே முறை. பல்லை அச்செடுத்து, அளவாக மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். அதில் பல் ஒன்றுக்கு ஒரு சொட்டு வீதம் கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரவிலோ சில மணி நேரமோ போட்டுக்கொள்ள வேண்டும். 10 சதவீத கார்பமைடு, பல்லில் ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. வீரியம் குறைவு, கூச்சமும் குறைவு. இரண்டு முதல் நான்கு வாரம் பொறுமை வேண்டும். முடிவில் கிடைக்கும் வெளுப்பு, நாற்காலி வைத்தியத்துக்குச் சளைத்ததல்ல. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வருபவர்களுக்கு இதுவே நல்லது. இருபது நாள் மட்டும் கையில் இருப்பவர்கள் முதல் வழிக்குத்தான் போக முடியும். செலவும் அதில் கூடுதல்.

கூச்சம் இரண்டிலும் வரும். ஐஸ் தண்ணீர் பட்டாலோ காற்றை உள்ளே இழுத்தாலோ சுரீர் என்னும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட் உதவும். ஜெல் பட்ட ஈறு வெளுத்துக் காந்தலாம், அதுவும் ஆறிவிடும்.

நாற்காலியை விட்டு எழுந்ததும் கண்ணாடியில் தெரிகிற வெள்ளையை நம்பிவிடக் கூடாது. வாய் திறந்தே இருந்ததால் பல் காய்ந்து, அதிக வெள்ளையாகத் தெரியும். உண்மையான நிறம் ஒன்றிரண்டு வாரத்தில்தான் நிலைக்கும். நிலைத்ததும் நிரந்தரமல்ல, டீயும் வெற்றிலையும் தொடர்ந்தால் மாதக்கணக்கில், கவனமாக இருந்தால் ஓரிரு வருடங்களில் மங்கத் தொடங்கும். முன்பல்லில் ஏற்கெனவே அடைத்திருக்கும் சிமென்ட்டும் கட்டியிருக்கும் கேப்பும் வெளுக்கவே வெளுக்காது. சுற்றியிருக்கும் பல் வெளுத்து, கேப் மட்டும் பழைய நிறத்தில் துருத்தும். ஆகவே முதலில் ப்ளீச்சிங், இரண்டு வாரம் இடைவெளி, பிறகு புது அடைப்போ கேப்போ என்பதுதான் வரிசை. சொத்தை இருந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் ஜெல்லைத் தொட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப்போடுவதே வழக்கம்.

ப்ளீச்சிங் திணறுகிற பற்களும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆற்றுப் பாசனம் எட்டாத வடக்கே விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போன தண்ணீரைப் பல் உருவாகும் எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தவர்களுக்கு, எனாமலிலேயே வெண்திட்டும் பழுப்புப் பட்டையும் விழுந்துவிடும். எத்தனை தடவை க்ளீனிங் செய்தாலும் அது போகாது. ப்ளீச்சிங் செய்தால் பழுப்பு ஓரளவு மங்கும். வெண்திட்டு முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். எனாமலின் மேல் படலத்தை அமிலமும் பொடியும் சேர்ந்த கலவையால் மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், திட்டுக்குள் ரெசினை ஊற வைப்பது, கடைசியாகப் பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து எடுத்துச் சாம்பல் பட்டை விழுந்த பற்களுக்கு ட்ரே முறையே மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

விழுந்து அடிபட்டு ஒற்றைப் பல் மட்டும் கறுத்தால் அது தனி வைத்தியம். பல்லின் நரம்பு செத்து, உள்ளே கசிந்த ரத்தம் சிதைந்த நிறம் அது. வேர் சிகிச்சை முடித்து, வேரின் வாயை அடைத்துவிட்டு, பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து மூடி அனுப்புவார்கள். சில நாள் கழித்து மருந்தை மாற்றுவார்கள். வெளியே எவ்வளவு ஜெல் பூசினாலும் இந்தப் பல் சரியாகாது.

வீட்டு வைத்தியமும் விட்டபாடில்லை. உப்பளத்து மாவட்டம், உப்பும் உமிக்கரியும் போட்டுத் தேய்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதையே கறுப்பு டியூப்பில் அடைத்து ‘சார்க்கோல்’ என்று இன்றைய தலைமுறைக்கு விற்கிறார்கள். கரி மேல்கறையைத் தேய்த்து எடுக்கும், கூடவே எனாமலையும். எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம். எனாமலை நேரடியாக அரிக்கும். எனாமல் போனால் உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே வரும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்கிற வேலை இது. ஆன்லைனில் வாங்கும் பாக்கெட்டில் எத்தனை சதவீதம் பெராக்சைடு என்றே பல நேரம் போட்டிருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இல் வந்த விதிப்படி, கடையில் விற்கும் பொருளில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கக் கூடாது. அதற்கு மேல் 6 சதவீதம் வரை உள்ளவற்றைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தரலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. வெற்றிலைக் கறையோடு வருகிறவரின் பல்லை மட்டும் பார்த்து அனுப்புகிற மருத்துவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதி செய்தது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல இறுகுவது, காரம் பட்டால் எரிவது, வாய் திறப்பது வரவரச் சுருங்குவது ஆகியவை பாக்குப் பழக்கத்தால் வருகிற சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸின் அடையாளங்கள். இது புற்றுநோயாக மாறக்கூடியது. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆகவே பல்லை வெள்ளையாக்கப் போகிறவர்கள் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் கறை மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? க்ளீனிங் மட்டும் போதாதா? கன்னம், நாக்கு, நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா? வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ள வீட்டுப் பெரியவர்களையும் அதே நாளில் கையோடு கூட்டிப் போங்கள். உள்வாயைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காட்டலாம்.

(அடுத்த வாரம்: பல் கட்டுவதா, இம்ப்ளான்ட் வைப்பதா?)